யாருடைய அறையின் வெப்பம்?

அடுப்படி அறிவியல் – 11

ஏப்ரல் பிறந்துவிட்டால் இந்தத் தொடருக்கு வரும் கடிதங்களின் சுருதியே மாறிவிடுகிறது. டிசம்பரில் டின்னின் விளிம்பு வரை எழும்பி வந்த அதே கேக்கை, அதே அளவுகளில், அதே ஓவனில் செய்தும் இப்போது பாதி உயரம்கூட வரவில்லையாம். அடியில் ஈரமாக ஒரு பட்டை வேறு. பெரும்பாலோர் பேக்கிங் பவுடர் மீதுதான் பழியைப் போடுகிறார்கள். பழசாகிவிட்டதோ, இன்னும் அரை ஸ்பூன் கூட்டலாமா என்று கேட்கிறார்கள். கூட்டாதீர்கள். அரை டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் பவுடரைப் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் அது நிரபராதி. வெயில் காலத்து விசாரணையை பட்டரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பேக்கிங் பவுடர் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே கேக் இருந்தது. ஹானா கிளாஸ் 1747-ல் லண்டனில் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் பவுண்டு கேக் இருக்கிறது: பட்டர், சர்க்கரை, மாவு ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு, கூடவே முட்டை. உப்ப வைக்க வேறெதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக, ஒரு மணி நேரம் கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ அடிக்கச் சொல்கிறார். வீட்டு எஜமானி நின்று அடித்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் புத்தகம் வேலைக்காரப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கவென்றே எழுதப்பட்டது. ஒரு மணி நேரம் கை கடுத்தது யாருக்கு என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததெல்லாம் ஒன்றுதான்: பட்டருக்குள் காற்றை அடைத்தார்கள்.

1944-ல் கார்லின் என்ற அமெரிக்க ஆய்வாளர் கேக் மாவுக் கலவையை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார். அடிக்கும்போது கொழுப்புக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் சூட்டில் பெரிதாவது தெரிந்தது. புதிதாக ஒரு குமிழிகூடத் தோன்றவில்லை. பேக்கிங் பவுடர் விடும் கார்பன் டை ஆக்ஸைடும், மாவில் இருக்கும் நீரின் ஆவியும் ஏற்கெனவே உள்ள குமிழிகளுக்குள்தான் போய்ச் சேருகின்றன. காரணம் எளிது. ஒன்றுமில்லாத இடத்தில் குமிழி முளைக்க வேண்டுமானால் தொடக்கத்தில் அது மிக மிகச் சிறியதாக இருக்கும். குமிழி சிறிதாகச் சிறிதாக அதைச் சுற்றியுள்ள நீர் அதை நசுக்கும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த அழுத்தத்தை எதிர்த்து முளைப்பதைவிட, பக்கத்தில் தயாராக இருக்கும் குமிழிக்குள் புகுந்துகொள்வது வாயுவுக்குச் சுலபம். ஆக, உங்கள் கேக்கில் எத்தனை கண்கள் இருக்கும் என்பது ஓவனைப் பற்ற வைப்பதற்கு முன்பே, கலக்கும் பாத்திரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இதை உளுந்து அரைத்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மெதுவடை மாவு புளிப்பதில்லை, அதில் சோடா போட வேண்டியதுமில்லை. அது மெத்தென்று வருவது அரைக்கும்போது ஏறிய காற்றால். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும் என்பதும், கிரைண்டர் ஓடும்போது ஐஸ் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதும் எந்தப் புத்தகத்தையும் பார்த்து வந்த பழக்கமில்லை. சூடேறினால் மாவு பொங்காது என்று கை கண்டு வைத்திருக்கிறது. அதே கை, கேக் என்றதும் பட்டரைக் காலையிலேயே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்துவிடுகிறது. ஏனென்றால் குறிப்பில் ‘அறை வெப்பத்தில் உள்ள பட்டர்’ என்று எழுதியிருக்கிறது.

அந்தக் குறிப்பை எழுதியவரின் அறை 18 முதல் 21 டிகிரி செல்சியஸ். மே மாதச் சென்னையில் சமையலறை 34-ல் நிற்கிறது, வேலூரில் கேட்கவே வேண்டாம். இந்த வித்தியாசம்தான் எல்லாக் கோளாறுக்கும் மூலம்.

பட்டர் ஒரே பொருள்போலத் தெரிந்தாலும் அதில் பல வகைக் கொழுப்புகள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் உருகும் சூடு வேறு. 20 டிகிரியில் ஒரு பங்கு நுண்ணிய படிகங்களாகத் திடமாக இருக்கும், மிச்சம் திரவமாக அந்தப் படிகங்களுக்கிடையே தங்கியிருக்கும். திரவம் வளைந்து கொடுக்கிறது, படிகங்கள் குமிழியைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் அடித்தால் படிகம் அதிகம், பட்டர் வளையாது, காற்று நுழையாது. 30 டிகிரிக்கு மேல் படிகங்கள் பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. அப்போது எவ்வளவு நேரம் அடித்தாலும் நுழைந்த காற்று நுழைந்த வேகத்திலேயே வெளியேறிவிடும். 35-ஐத் தாண்டினால் அது வெறும் எண்ணெய்தான். திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்து இறுக்கினாலும் பழைய நிலை வராது. மெதுவாக இறுகும்போது படிகங்கள் பெரிதாகவும் கரடாகவும் உருவாகிவிடும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் கண்ணே போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பட்டரின் மேல் பளபளப்பு வரக் கூடாது. பளபளத்தால் படிகம் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். கோடையில் நான் பட்டரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, பத்து நிமிடத்துக்குள் அடிக்கத் தொடங்கிவிடுவேன். அடிக்கிற உராய்விலேயே சூடு ஏறும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். இடையில் பளபளப்பு தெரிந்தால் ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் பாத்திரத்தின் அடிப்பாகத்தை அரை நிமிடம் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். ஹேண்ட் பீட்டரில் மிதமான வேகத்தில் ஐந்தாறு நிமிடம். மரக்கரண்டி என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. மஞ்சள் நிறம் வெளுத்து, தந்த நிறத்துக்கு வரும். நிறம் மாறக் காரணமும் குமிழிகள்தான்: ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன.

சர்க்கரை விஷயத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பட்டருக்குள் காற்றை இழுத்துக்கொண்டு போவது சர்க்கரைப் படிகத்தின் கூர்மையான ஓரங்கள். நம் ஊர்ச் சர்க்கரை பெரும்படிகம். எண்ணிக்கை குறைவு, கரையவும் மாட்டேன் என்கிறது. அதற்குப் பயந்து மிக்ஸியில் மாவுபோலப் பொடித்துவிடுகிறோம். அப்போது ஓரமே இல்லாமல் போய்விடுகிறது. யூடியூபில் ஆளுக்கு ஆள் ‘பவுடர் சுகர்’ என்று சொல்வது வேலை சீக்கிரம் முடிவதற்கு உதவுமே தவிர, கேக்குக்கு உதவாது. மிக்ஸியை இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு ஓட்டி, நுண்ரவை பதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இத்தனை வெயிலிலும் தெருமுனை பேக்கரியில் மட்டும் கேக் எப்படி மெத்தென்று வருகிறது என்று கேட்பீர்கள். அவர்கள் பெரும்பாலும் பட்டரைத் தொடுவதில்லை. 1937-ல் டால்டா வந்ததிலிருந்து வனஸ்பதியும், பிறகு மார்ஜரினும் பேக்கரிகளின் கொழுப்பாகிவிட்டன. அவற்றின் படிகங்கள் நம் ஊர்ச் சூட்டிலும் கரையாமல் நிற்கும்படி தயாரிக்கப்பட்டவை. அதோடு கேக் ஜெல் என்று ஒன்றைச் சேர்த்தால் முட்டைக் கலவை சில நிமிடங்களில் நுரைத்து நிற்கும். வாசனைக்கு எசன்ஸ் இருக்கிறது. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதால் 2022 ஜனவரியிலிருந்து அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்திருக்கிறது. எனக்கு அந்தக் கேக்குகள்மேல் விரோதமில்லை. பட்டர் நாக்கில் வைத்ததும் கரையும், அவை அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உடல் சூட்டில் உருகாத கொழுப்பின் குணம் அது.

மாவு ஓவனுக்குள் போன பிறகு நடப்பது ஒரு பந்தயம். 40 டிகிரிக்குள் கொழுப்பு முழுதும் உருகிவிடுகிறது. குமிழிகள் அதைவிட்டு மாவின் நீர்ப்பகுதிக்கு இடம்பெயர்கின்றன. சூடேற ஏறக் காற்று விரிகிறது. ஆனால் அறைச் சூட்டிலிருந்து 100 டிகிரி போனாலும் காற்று மட்டும் கால் பங்குதான் விரியும். மீதி உயரம் ஆவியும் கார்பன் டை ஆக்ஸைடும் தருவது. இந்த நேரத்தில் மாவு நெகிழ்ந்து கிடக்கிறது, குமிழிகள் மேலேறி உடைந்துவிடலாம். அதற்குள் முட்டைப் புரதம் உறைந்து, மைதாவின் ஸ்டார்ச் நீரை உறிஞ்சி உப்பி, சுவர் எழும்பியாக வேண்டும். சர்க்கரை இந்தச் சுவர் எழும்புவதைத் தாமதப்படுத்துகிறது, அந்தத் தாமதத்தில் குமிழிகளுக்கு வளர அவகாசம் கிடைக்கிறது. ஆரோக்கியம் என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தவர்களின் கேக் ரொட்டிபோல இறுகுவது இனிப்பு குறைந்ததால் மட்டுமில்லை. சுவர் எழும்புமுன் ஆசையாகக் கதவைத் திறந்தாலோ வாயு சுருங்கி, ஆவி தண்ணீராகி, நடுவில் பள்ளம் விழுந்துவிடும்.

பவுடரைக் கூட்ட வேண்டாம் என்றது இதனால்தான். குமிழிகளின் எண்ணிக்கை கூடாது. இருப்பவை ஊதிப் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே வந்து உடையும். ஊட்டிக்கு மாறிப் போனவர்கள் இதை வேறு விதத்தில் பார்த்திருப்பார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். சமவெளியில் சரியாக இருந்த கேக் அங்கே அவசரமாக எழுந்து நடுவில் அமுங்கும். அங்கே ஒரு ஸ்பூன் பவுடருக்குக் கால் ஸ்பூன் குறைக்க வேண்டும்.

பவுடரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக 1843-ல் செய்ததுதான் பேக்கிங் பவுடர். மனைவிக்கு முட்டையும் ஆகாது, அதனால் முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரை அதற்கு முன்பே செய்திருந்தார். ஒரு வீட்டின் ஒவ்வாமையிலிருந்து இரண்டு டப்பாக்கள் உலகத்து அலமாரிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன.

பட்டரோடு மல்லுக்கட்ட முடியாது என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: காற்றைப் பிடிக்கும் வேலையை முட்டையிடம் கொடுத்துவிடுவது. லாஸ் ஏஞ்சல்ஸில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஹாரி பேக்கர் 1927-ல் ஷிஃபான் கேக் செய்தார். இருபது வருடம் ரகசியத்தைச் சொல்லாமல் வைத்திருந்து 1947-ல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். அடுத்த வருடம் ரகசியம் வெளியானது: பட்டருக்குப் பதில் சமையல் எண்ணெய், காற்றுக்கு முட்டையின் வெள்ளைக்கரு. எண்ணெய்க்கு வெயிலும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். தூத்துக்குடி மக்ரூனும் முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி இவ்வளவால்தான் எழும்புகிறது. பட்டரும் இல்லை, பவுடரும் இல்லை. அந்தக் கடற்கரை வெக்கைக்கு வெள்ளைக்கரு பொருந்திப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: மஞ்சள் கரு ஒரு துளி கலந்தாலும் அதன் கொழுப்பு வெள்ளைக்கருவை நுரைக்க விடாது.

இருந்தாலும் நான் பட்டர் கேக் கட்சிதான். டின் உள்ளே போன பிறகு அந்த முக்கால் மணி நேரம் நமக்கு ஒரு வேலையும் இல்லை. குழம்பைப்போலக் கிளற முடியாது, உப்பு பார்க்க முடியாது. நம் சமையலில் இப்படிக் கைகட்டி உட்கார வைக்கும் பண்டம் குறைவு. முதலில் வெனிலா வரும், பிறகு பட்டர், கடைசியில்தான் மேல்தோல் சிவக்கும் அந்த வறுபட்ட மணம். மணம் அடுத்த அறைக்கு எட்டும்போது ஏறக்குறைய வெந்திருக்கும். குச்சி குத்திப் பார்ப்பது ஒரு சம்பிரதாயத்துக்கு.

ஆறிய கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பட்டர் உள்ளேயே இறுகிவிடும், ஃப்ரிட்ஜின் குளிரில் ஸ்டார்ச்சும் வெளியில் இருப்பதைவிட வேகமாக விறைத்துப்போகும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியே இரண்டு நாள் தாங்கும், முதல் நாளைவிட மறுநாள் ருசி கூடுதலாகவே இருக்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் துண்டு போட்டு, தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்து, சுற்றியதைப் பிரிக்காமலே குளிர் போகும்வரை வைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம், முட்டை சேர்க்காத வீடுகளுக்கு: தயிரும் ஆப்ப சோடாவும்.