கடிகாரம் சரி, கதவு எண் தப்பு

ஜேம்ஸ் குக்கே தேடியும் பூவே தீவு ஏன் அகப்படவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ‘மர்மத் தீவு’ யூடியூப் காணொலி எதையாவது பார்த்திருப்பார் போல. மர்மமெல்லாம் இல்லை, கணக்கு உதைத்தது, அவ்வளவுதான்.

தென் அட்லாண்டிக்கில், அண்டார்டிகாவுக்கு வடக்கே சுமார் 1,700 கி.மீ. தள்ளி நிற்கும் 49 சதுர கி.மீ. எரிமலை அது. 93 சதவீதம் பனிப்பாறை. 1739 ஜனவரி 1 அன்று பிரெஞ்சு மாலுமி பூவே மூடுபனிக்கு நடுவே அதைக் கண்டார், இறங்க முடியவில்லை. தென் கண்டத்தின் நுனி என்று நம்பி, அன்றைய திருநாளின் பெயரால் ‘விருத்தசேதன முனை’ என்று குறித்துவிட்டுப் போனார்.

அட்சரேகை அவருக்குக் கிடைத்தது. அதற்கு நண்பகல் சூரியன் போதும். தீர்க்கரேகைக்கோ புறப்பட்ட ஊரின் நேரம் தெரியவேண்டும். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். ஆடும் கப்பலில் அந்த நேரத்தை மாதக்கணக்கில் காக்கும் கடிகாரம் பூவேயிடம் இல்லை. அதனால் முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் விட்டு வேகம் பார்த்து, வந்த தூரத்தைக் கணக்கிடுவார்கள். இங்கேதான் வேடிக்கை. கயிறு அளப்பது தண்ணீரை ஒப்பிட்ட வேகத்தை. தண்ணீரே நகர்ந்தால்? கப்பலையும் கயிற்றையும் நீரோட்டம் சேர்த்தே இழுத்துப்போகும், கயிறு மூச்சுவிடாது. அந்தப் பிழை நாளுக்கு நாள் சேரும். 54 பாகை தெற்கில் ஒரு பாகை தவறினால் ஏறக்குறைய 65 கி.மீ. பூவே தவறியது பல பாகை. தீவின் அகலமோ 10 கி.மீ.கூட இல்லை.

தெருப் பெயர் சரி, கதவு எண் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் விளக்கில்லை, எப்போதும் மூடுபனி, விசாரிக்கப் பக்கத்து வீடும் இல்லை. 1772இல் கிளம்பிய தபால்காரர் குக்கின் கையில் அருமையான கடிகாரம்! கடலிலும் நேரம் காக்கும்படி ஹாரிசன் என்பவர் செய்த கடிகாரத்தைப் பார்த்துக் கெண்டல் என்பவர் செய்த நகல். தான் நிற்கும் இடம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். கையிலிருந்த முகவரிதான் தப்பு. போகும்போதும் தேடினார், 1775இல் திரும்பும்போதும் தேடினார். பூவே பார்த்தது பனிக்கட்டியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினார்.

1808இல் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர் லிண்ட்சே கண்ணில் தீவு பட்டது. 1825இல் இன்னொரு கப்பல்காரர் நாரிஸ் அதற்கு ‘லிவர்பூல்’ என்று பெயர் வைத்தார். அருகே ‘தாம்சன்’ என்று இன்னொரு தீவையும் வரைந்தார். 1927இல் நார்வேக்காரர்கள் இறங்கி, பூவேயின் பெயரையே நிலைக்கவைத்தார்கள். தாம்சன் இருப்பது மட்டும் பிறகு உறுதிப்படவே இல்லை. எரிமலை வெடித்து மூழ்கியது என்று ஒரு கதை உலவுகிறது. நாரிஸ் பார்த்தது மிதக்கும் பனிமலை என்பதே எனக்குப் போதும்.