ஒரே தெரு, மூணு பேரு

இப்ப நான் நிக்கிறது பினாங்கு ஜார்ஜ் டவுன்ல, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் முன்னால. இந்தத் தெருவுக்கு மூணு பேரு. போர்டுல ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். வயசானவங்களுக்கு இன்னும் பிட் ஸ்ட்ரீட். ஹொக்கியன் பேசுற சீனர்களுக்கு 'யா கா', அதாவது தென்னையடி. மூணும் மூணு ரகம்.

முதல்ல பிட். 1786-ல பிரான்சிஸ் லைட் இந்தத் தீவுல பிரிட்டிஷ் கொடி ஏத்தினப்ப பிரிட்டன் பிரதமரா இருந்தவர் வில்லியம் பிட். ஒரு ஆளோட பேரை ஊருக்கோ தெருவுக்கோ பொருளுக்கோ வெச்சா, அது 'எப்போனிம்'. லைட் ஸ்ட்ரீட், வெல்ட் கீ, மூணாம் ஜார்ஜ் மன்னர் பேருல வந்த ஜார்ஜ் டவுன், எல்லாமே இந்த வகைதான்.

அடுத்தது போர்டுல இருக்கிற பேரு. கப்பித்தான்ங்கிறது சமூகத் தலைவருக்கு இருந்த பதவி. கெலிங்ங்கிறது மலாய்க்காரங்க நம்ம ஆளுங்களைச் சொன்ன சொல்லு. இப்படி வெளியில இருக்கிறவங்க வெச்ச பேரு 'எக்ஸோனிம்'. இன்னைக்கு ஒருத்தரை அப்படிக் கூப்பிட்டா சண்டைதான் வரும். ஆனா 1801-ல தொடங்கின பள்ளிவாசலோட பேருல அது மரியாதையோட நிக்குது. பக்கத்துல இருக்கிற லெபோ சூலியா, தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கிற பேரு. மக்கள் கூட்டத்தோட பேரை 'எத்னோனிம்'னு சொல்வாங்க.

மூணாவது, தென்னையடி. இதுக்கு நன்னூல்லயே பேரு இருக்கு: காரணப்பெயர். தென்னை நின்னுச்சு, அதனால தென்னையடி. லெபோ பாசாரை நம்ம ஆளுங்க கடைத்தெருன்னு சொல்றதும் அப்படித்தான். ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல ஒரு பகுதிக்கு ஹொக்கியன்ல செம்பு தட்டுறவங்க தெருன்னு பேரு. போர்டுல இனம், பேச்சுல தொழில்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. போர்டுல பேரு வைக்கிறது ஆட்சி. அதனால ஆட்சி மாறினா அந்தப் பேரும் மாறலாம். பிட் போனது அப்படித்தான். வாய்ல வர்ற பேரை மாத்த எந்த உத்தரவும் போட முடியாது. தென்னையே இல்லாத தெருவுல தென்னையடி இன்னும் இருக்கு. தீவுக்கே லைட் வெச்ச பேரு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு'. இன்னைக்கு யார் அப்படிச் சொல்றாங்க? பாக்குக்கு மலாய்ல பினாங். அந்தப் பாக்கு மரம் கொடுத்த பேருதான் ஜெயிச்சுது.

சில நேரம் ஆளோட பேரையே வாய் விழுங்கிடும். ஜார்ஜ் டவுன்ல இருக்கிற கொம்தார் கட்டடம் தெரியும்ல? முழுப் பேரு கொம்ப்ளெக்ஸ் துன் அப்துல் ரசாக், மலேசியாவோட ரெண்டாவது பிரதமர் பேரு. சுருக்கினதும் கொம்தார் மட்டும்தான் மிஞ்சுச்சு. பஸ்ஸுல ஏறி யாராவது முழுப் பேரைச் சொல்லி டிக்கெட் கேப்பாங்களா?

உங்க வீட்டுப் பெரியவங்க போர்டுல இல்லாத ஒரு பேருல எந்த இடத்தையாவது கூப்பிடுறாங்களா? கமெண்ட்ல எழுதுங்க. ஆள் பேரா, இனப் பேரா, காரணப் பெயரான்னும் சேர்த்துச் சொல்லுங்க.