விரலும் விசையும் எழுத்தும்: இயந்திர விசைப்பலகையும் தமிழ்த் தட்டச்சும்

எழுதும் கருவி மாறுந்தோறும் எழுதுவோரின் பழக்கமும் மாறி வந்துள்ளது. ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் புள்ளி இடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர்; புள்ளி ஓலையைத் துளைத்துவிடும் என்பதே அதற்குரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. தாளும் பேனாவும் வந்தபின் புள்ளி தன் இடத்தைப் பெற்றது. இன்று நம் மாணவர்களின் எழுதுகருவி விசைப்பலகை. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரிலும் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவிலும் 'மெக்கானிக்கல் கீபோர்டு' என்னும் பெயரில் விற்கப்படும் இயந்திர விசைப்பலகைகளை இளையர் பலர் விரும்பி வாங்குகின்றனர். கணினி விளையாட்டுக்காகவே பெரும்பாலும் இவை வீட்டுக்குள் வருகின்றன.

பெற்றோரும் ஆசிரியரும் இதனை வீண்செலவு என்று எண்ணக்கூடும். ஆயினும் இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பார்க்காமலேயே விரைந்து தட்டச்சு செய்யும் மாணவர் தமிழ் என்றதும் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுகிறார். விரல் தயங்கும்போது நீண்ட தொடர் குறுகிவிடுகிறது. குறுகிய தொடரும் ஈற்றில் ஆங்கிலமாகிவிடுகிறது. இக்கருவியின் இயல்பு யாது, அதனுடன் பழகுவது எவ்வாறு, அது தமிழ் எழுத்துக்கு எவ்வாறு துணையாகும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

விசைக்குள் நிகழ்வது

பள்ளிக் கணினிகளில் நாம் காணும் மலிவான விசைப்பலகையில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே படலம் விரிந்திருக்கும். ஒவ்வொரு விசையின் கீழும் சிறு ரப்பர்க் குமிழ் இருக்கும். குமிழ் முழுதும் அமுங்கி அடிப்படலத்தைத் தொட்டால்தான் எழுத்துப் பதிவாகும். ஆதலால் விரல் ஒவ்வொரு முறையும் அடிவரை அழுத்தியாக வேண்டும்.

இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுவிட்சு உண்டு. அதனுள் ஒரு தண்டும் ஒரு சுருள்வில்லும் இரு உலோகத் தகடுகளும் இருக்கும். தண்டு இறங்கும்போது தகடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன, மின்சுற்று நிறைவுறுகிறது. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் வெளியிட்ட எம்எக்ஸ் வகைச் சுவிட்சே இன்றைய பலவற்றுக்கும் முன்மாதிரி. அதில் விசையின் முழுப் பயணம் 4 மில்லிமீட்டர். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இறங்கியவுடனேயே எழுத்துப் பதிவாகிவிடும். அடிவரை செல்ல வேண்டியதில்லை என்பதே இதன் முதன்மையான சிறப்பு.

சுவிட்சுகளை நிறத்தால் வகைப்படுத்துவர். சிவப்பு வகை தடையின்றி நேராக இறங்கும். ஏறத்தாழ 45 கிராம் விசை போதும். பழுப்பு வகையில் நடுவழியில் சிறு மேடு ஒன்றை விரல் உணரும். நீல வகையில் அம்மேட்டுடன் 'டிக்' என்னும் ஒலியும் எழும். அதற்கு ஏறத்தாழ 60 கிராம் விசை வேண்டும். இவற்றுள் உயர்ந்தது இது, தாழ்ந்தது இது என்று சொல்வதற்கில்லை. எப்பணிக்கு எது பொருந்தும் என்பதே வினா.

புதிய பலகையுடன் முதல் வாரங்கள்

புதிய பலகை வந்த முதல் நாள்களில் பிழைகள் கூடுவது இயல்பு. ரப்பர்க் குமிழில் பழகிய விரல் பழைய வேகத்தோடு அடிவரை மோதும். அதனால் ஒலி மிகும்; விரல்நுனியும் சோரும். எழுத்து பாதி வழியிலேயே பதிவாகிவிடுகிறது என்பதை விரல் மெல்ல மெல்லவே கற்றுக்கொள்ளும். அந்நாள்களில் வேகத்தை விடுத்து மென்மையைப் பழகுவதே நன்று.

இரண்டாவது, மணிக்கட்டு. இவ்வகைப் பலகைகள் பொதுவாக உயரம் மிக்கவை. பின்புறக் கால்களையும் உயர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். நெடுநேரம் எழுதுவோர்க்கு வலி தோன்றும். கால்களை மடக்கிவிட்டு, முழங்கை பலகையின் மட்டத்தில் அமையுமாறு நாற்காலியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒலி. வீவக அடுக்குமாடி வீட்டில் உடன்பிறப்புகள் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது இரவு பதினொரு மணிக்கு எழும் நீலச் சுவிட்சின் ஒலி ஒருவர்க்கு இன்பம், மற்றவர்க்கு இடையூறு. வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் ஒலி குறைந்த வகைகளே ஏற்றவை. பலகையின் அடியில் தடித்த துணிவிரிப்பு ஒன்றை இட்டாலும் மேசையில் பரவும் அதிர்வு ஓரளவு குறையும்.

ஆட்டமும் எழுத்தும்

விளையாட்டு வேண்டுவதும் எழுத்து வேண்டுவதும் முற்றிலும் ஒன்றல்ல. விளையாட்டில் சில விசைகளே மீண்டும் மீண்டும் அழுத்தப்படும். இரண்டு மூன்று விசைகளை ஒருசேர அழுத்தவும் நேரும். மலிவான பலகையில் சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாமல் போகும். நல்ல இயந்திரப் பலகைகளில் ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு டையோடு இணைந்திருப்பதால் அக்குழப்பம் நேர்வதில்லை. விரைந்து எழுதுவோர்க்கும் இது பயன்படும். முதல் விரல் முற்றும் எழுமுன் அடுத்த விரல் இறங்குவது வேகத் தட்டச்சின் இயல்பன்றோ?

அண்மைக்காலத்தில் காந்தச் சுவிட்சுகளும் பரவியுள்ளன. உலோகத் தொடுகைக்கு மாறாக, காந்தம் இறங்கும் ஆழத்தை அவை அளக்கின்றன. எத்தனை ஆழத்தில் பதிவாக வேண்டும் என்பதைப் பயனரே அமைத்துக்கொள்ளலாம். விளையாடுவோர் மிகக் குறைந்த ஆழத்தைத் தேர்வர். அதே அமைப்பில் கட்டுரை எழுதத் தொடங்கினால் விசையின் மீது இளைப்பாறும் விரலே எழுத்தைப் பதித்துவிடும். ஆகவே ஆட்டத்துக்கு ஓர் அமைப்பும் எழுத்துக்கு மற்றோர் அமைப்பும் தனித்தனியே வைத்துக்கொள்வது நலம்.

தமிழுக்கு அமைந்த பலகை

சுவிட்சு எத்துணைச் சிறந்ததாயினும் எந்த விசையில் எந்த எழுத்து என்பதை அது தீர்மானிப்பதில்லை. அது விசைத்தளக் கோலத்தின் பணி. இவ்வகையில் நம் வட்டாரத்துக்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முன்னோடி. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டிய நிலையில், புள்ளி போன்ற குறிகள் பதியும்போது தாள் நகராமல் நிற்கும் 'நகரா விசை' முறையைக் கையாண்டு அவர் அச்சிக்கலைத் தீர்த்தார்.

கணினிக் காலத்தில் அச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு பிறந்தது. 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து 1999இல் சென்னையில் மாநாடு கூடியது. அதன் வழியே 'தமிழ்99' விசைத்தளம் உருப்பெற்றுத் தமிழ்நாட்டு அரசின் ஏற்பையும் பெற்றது. இதில் உயிர் 12, மெய்வரிசை 18, புள்ளி 1 என 31 விசைகளே போதும். ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் மட்டுமே ஷிப்ட் விசையின் துணை வேண்டும். உயிர்கள் அனைத்தும் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் என்னும் இலக்கணம் இங்கே இரு கைகள் மாறிமாறி இயங்கும் தாளமாகிவிடுகிறது.

ஆங்கில ஒலிவழித் தட்டச்சோடு ஒப்பிட்டால் இதன் சிக்கனம் விளங்கும். 'வணக்கம்' என்னும் சொல்லுக்கு ஒலிவழி முறையில் எட்டு எழுத்துகளும் ணகரத்துக்காக ஒரு ஷிப்டும் வேண்டும். தமிழ்99 முறையில் வ, ண, க, க, ம, புள்ளி என ஆறு அழுத்தங்கள் போதும். இரண்டு ககரம் அடுத்தடுத்து வந்தவுடன் முன்னதற்குப் புள்ளி தானே அமைந்துவிடும். 'பந்து' என்பதற்கு ஒலிவழியில் ஆறு, தமிழ்99இல் நான்கு. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் இன எழுத்து என்றறிந்து புள்ளி தானே இடப்படுகிறது.

ஒலிவழி முறை தொடங்குவோர்க்கு எளிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதில் எழுதுபவர் ல, ள, ழ ஆகிய மூன்றையும் ஆங்கில எழுத்தின் வேறுபாடாகவே நினைவில் கொள்கிறார். தமிழ்99இல் அவை மூன்றும் மூன்று தனியிடங்கள். ந, ண, ன என்பவையும் அவ்வாறே. எழுத்து வேறுபாட்டை விரலும் சேர்ந்து நினைவில் கொள்வது மாணவர்க்குக் கூடுதல் துணை.

அ, இ, உ விரலடியில்

விளையாட்டு மேசைக்கும் தமிழுக்கும் இடையே எதிர்பாராத உறவொன்று உண்டு. கணினி விளையாட்டில் முன்னே, இடம், பின்னே, வலம் எனச் செல்வதற்கு ஆங்கில டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளைப் பயன்படுத்துவர். இளையரின் இடக்கைக்கு அந்நான்கும் மனப்பாடம். தமிழ்99இல் அந்நான்கும் முறையே ஈ, அ, இ, உ. ஏ, எஸ், டி என்னும் மூன்றும் அ, இ, உ ஆகின்றன. நம் இலக்கணம் சுட்டெழுத்து என்று கூறும் மூன்றும் இவையே. அவன், இவன், உவன் என்பவற்றின் முதலெழுத்துகள் விளையாட்டாளரின் விரலடியில் ஏற்கெனவே காத்திருக்கின்றன.

மாற்ற வேண்டியது சிறிதளவே. விளையாடும்போது ஆள்காட்டி விரல் டி விசையில் நிற்கும். எழுதும்போது கையை ஒரு விசை வலப்புறம் நகர்த்தினால், அவ்விரல் சிறு மேடு பொறித்த எஃப் விசையில் அமரும். தமிழ்99இல் அதுவே புள்ளியின் இடம். வலக்கை ஆள்காட்டி விரலுக்குரிய மற்றொரு மேட்டில் பகரம் உள்ளது. இவ்விரு மேடுகளையும் தடவி அறிந்தால் பலகையைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

சுவிட்சைத் தேர்வோர் கருத வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. தமிழ்99இல் ண, ந, ழ, ச, ஞ, ய ஆகிய ஆறும் வலக்கைச் சிறுவிரலின் பொறுப்பில் உள்ளன. ஆங்கிலத்தில் அவ்விரலுக்கு இத்துணை வேலை இல்லை. ஆதலால் தமிழில் மிகுதியாக எழுதுவோர்க்கு அழுத்தம் குறைந்த சுவிட்சு ஏற்றது. விசைகளை மிகவும் குறைத்த சிற்றளவுப் பலகைகளில் ச, ஞ, ய அமையும் விசைகள் உள்ளனவா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.

இரட்டிக்கும் எழுத்து

சுவிட்சின் உலோகத் தகடுகள் தொடும்போது நுண்ணிய அளவில் துள்ளும். பலகையின் உட்கட்டமைப்பு அத்துள்ளலை வடிகட்டிவிடும். தூசி படிந்தாலோ தகடு தேய்ந்தாலோ அவ்வடிகட்டலையும் மீறி ஓர் அழுத்தம் இரண்டாகப் பதிவாகும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துப்பிழை. தமிழ்99இல் நிலைமை வேறு. இரட்டித்த மெய்க்குப் புள்ளி தானே அமைவதால் 'படம்' என்பது 'பட்டம்' ஆகும். 'பலி' என்பது 'பல்லி' ஆகும். 'குடி' என்பது 'குட்டி' ஆகும். அனைத்தும் முறையான தமிழ்ச் சொற்களே என்பதால் சொற்பிழை திருத்தி இவற்றைச் சுட்டாது. பொருள் மாறியதை வாசிப்பவரே கண்டறிய வேண்டும்.

ஆதலின் இரட்டிப்பு அடிக்கடி நேர்ந்தால் விசைமூடியைக் கழற்றித் தூசியைத் துடைக்க வேண்டும். பயன் இல்லையேல் அச்சுவிட்சை மட்டும் மாற்றலாம். சில பலகைகளில் சுவிட்சைக் கையாலேயே கழற்றி மாற்றும் வசதி உண்டு. எழுதி முடித்தபின் ஒருமுறை வாய்விட்டு வாசிப்பதும் நல்ல காப்பு. மாறாக, இரட்டித்தும் புள்ளி வேண்டாத இடத்தில் அகரத்தை இடையில் அழுத்த வேண்டும். 'மமதை' என்று எழுத ம, அ, ம, த, ஐ என்பதே முறை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவது ஒன்று: இயந்திர விசைப்பலகை விரலுக்கு இதம் தரும், தமிழில் வேகம் தருவது விசைத்தளமும் பயிற்சியுமே. விலையுயர்ந்த பலகை இல்லாத மாணவர் இதனால் பின்தங்க வேண்டியதில்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் தமிழ்99 உள்ளமைந்தே கிடைக்கிறது. பள்ளியின் பழைய பலகையிலும் அதனைப் பழகலாம்.

ஆசிரியர்கள் நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கினாலும் போதும். முதல் வாரத்தில் நடுவரிசை எழுத்துகளான அ, இ, உ, எ, புள்ளி, க, ப, ம, த, ந, ய ஆகியவற்றால் அமைந்த சொற்களை மட்டும் சொல்லி எழுதச் செய்யலாம். 'பத்து', 'கதி', 'மதி', 'தம்பி', 'தகுதி', 'உப்பு' எனச் சொற்கள் பலவுண்டு. அடுத்த வாரத்தில் 'படம், பட்டம்', 'குடி, குட்டி' போன்ற இணைகளைக் கொடுத்தால் தட்டச்சுப் பயிற்சியே ஒற்றுப் பயிற்சியும் ஆகும். விசைகளின் மேல் தமிழ் எழுத்தை ஒட்டுவதினும், விசைத்தளப் படத்தைத் திரையின் அருகே வைப்பது நன்று. கண் திரையிலேயே நிற்கப் பழகும்.

மாணவர்கள் தம் விளையாட்டுப் பலகையிலேயே இப்பயிற்சியைத் தொடங்கலாம். விசையின் இடத்தைப் பாராமல் அறியும் திறன் அவர்களிடம் முன்னரே உள்ளது. அத்திறனுக்குத் தமிழ் எழுத்துகளையும் அறிமுகம் செய்வதே எஞ்சிய பணி. மனத்தில் தோன்றும் தமிழ்த் தொடரை அதன் முழு நீளத்துக்கும் தயங்காமல் எழுதி முடிக்கும் நிலை வந்தால், மாணவர் ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டிய காரணங்களுள் ஒன்று நீங்கிவிடும்.