மீட்கப்படாத நிலம்: முதலமடைப் பழங்குடிகளும் கேரள அரசும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கிறது முதலமடை ஊராட்சி. சமவெளியில் மாந்தோப்புகள், மலைமேல் பறம்பிக்குளம் காடு. கீழே எரவாளர்களும் மலசர்களும், மேலே காடர், மகாமலசர், முதுவர் முதலானோரும் வாழ்கிறார்கள். இம்மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கின் மையம் நிலம்.

பழங்குடிகளிடமிருந்து கைமாறிய நிலத்தை மீட்டுத் தர 1975-இல் கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1960-க்குப் பிறகு நடந்த கைமாற்றங்கள் செல்லாது என்றது அது. செயல்படுத்தும் விதிகள் வரவே 1986 ஆயிற்று. நிலம் மீளாத நிலையில் மருத்துவர் நல்லதம்பி தேரா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆறு மாதத்தில் மீட்டுத் தரும்படி 1993-இல் உத்தரவு வந்தது. அரசோ உத்தரவை நிறைவேற்றாமல் சட்டத்தைத் திருத்தப் புறப்பட்டது. அந்தத் திருத்தத்தை எதிர்த்துத்தான் 1996 அக்டோபர் 4 அன்று அய்யன்காளிப் படை என்ற அமைப்பினர் நால்வர் பாலக்காடு கலெக்டரை அவரது அலுவலகத்திலேயே பிணையாக வைத்தனர். 1999-இல் வந்த புதிய சட்டம், 2 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை மட்டும் மீட்டால் போதும், மற்றவர்களுக்கு மாற்று நிலம் என்று சுருக்கியது. சட்டமன்றத்தில் அதை எதிர்த்து நின்றார் உறுப்பினர் கே.ஆர்.கௌரியம்மா. 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது.

எரவாளர்களின் நிலை இன்னும் கடினம். இவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளாக நிலவுடைமையாளர்களின் வயல்களில் கூலி செய்தவர்கள். பறிபோனது என்று காட்ட ஆவணம் இல்லாதவருக்கு மீட்புச் சட்டத்தால் என்ன பயன்? நிலமற்றோருக்கு நிலம் கேட்டு சி.கே.ஜானுவின் தலைமையில் பழங்குடிகள் 2001-இல் தலைமைச் செயலகத்தின் முன் குடிசை கட்டிப் போராடியபோது, ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரை தருவதாக ஏ.கே.அந்தோணி அரசு ஒப்பந்தம் செய்தது. அது நிறைவேறாததால் வயநாட்டின் முத்தங்காவில் காட்டுக்குள் குடியேறியவர்கள் மீது 2003 பிப்ரவரி 19 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது.

மலைமேல் வழக்கு வேறு வடிவில் நடந்தது. கொச்சி அரசு 1907-இல் பறம்பிக்குளத்துத் தேக்கை இறக்க டிராம் பாதை போட்டது. பிறகு பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகள் வந்தன. அவற்றுக்கான இரு மாநில ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. 2010-இல் காடு புலிகள் காப்பகமாயிற்று. மரம், நீர், புலி என ஒவ்வொன்றுக்கும் அரசிடம் திட்டம் இருந்தது. குடிகளுக்குக் கேரளத்துக்குள் ஒரு சாலை இருக்கவில்லை. இம்மலையிலுள்ள தேக்கடி ஊர்மக்கள் தங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கே தமிழ்நாட்டுக்குள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. 2020-இல் கொரோனா காலத்தில் எல்லை அடைபட்டபோது, செம்மணாம்பதிக்கு இறங்கும் பாதையை அவர்களே காட்டுக்குள் வெட்டத் தொடங்கினார்கள்.

நிலத்துக்காக அரசுடன் வழக்காடிய, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பூர்வகுடிகளான வபனாக்கி மக்களின் கதையும் இதே காலத்தில் திரும்பியது. அவர்களின் நிலக் கோரிக்கைக்கு மத்திய அரசு துணை நிற்க வேண்டும் என்று 1975-இல் நீதிமன்றம் கூறியது. 1980-இல் 8.15 கோடி டாலருக்குச் சமரசச் சட்டம் வந்தது. நிலம் வாங்கப் பணம் கிடைத்தாலும், தன்னாட்சி பெருமளவு மாநிலச் சட்டத்துக்கு அடங்கியது. அதைத் தளர்த்தக் கோரும் போராட்டம் அங்கே ஓயவில்லை. ஆயினும் அவர்கள் ஒரு தரப்பாகப் பேச்சுவார்த்தையில் அமர்ந்தார்கள். கேரளத்தின் 1999 சட்டம் எழுதப்பட்டபோது பழங்குடிகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

2006-இன் வன உரிமைச் சட்டம் அந்த இடத்தைக் கிராம சபைக்குக் கொடுக்கிறது. வாழச்சால் காட்டின் காடர் ஊர்கள் 2014-இல் சமூக வன உரிமை பெற்றது அதன் பலன். முதலமடையிலும் பட்டயமானாலும் பாதையானாலும் ஊர்க்கூட்டத்தின் முடிவை அரசு ஏற்று நடக்க வேண்டும்.