துவர்ப்பு வெள்ளாட்டின் வயிற்றில் என்ன செய்கிறது?

கருவேல நெற்று உதிரும் காலத்தில் வெள்ளாட்டை மரத்தடியிலிருந்து கிளப்புவது லேசில்லை. நம் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு டானினால் வருவது. இப்போது அதையே தீவனச் சேர்க்கையாகப் பேசுகிறார்கள்.

ஆடு தின்றதை முதலில் செரிப்பவை, பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள். காற்றில்லாத இடம், 39 டிகிரி சூடு. தழையின் நாரை நொதிக்க வைத்து அவை உண்டாக்கும் அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள்தான் ஆட்டுக்குப் பெரும்பங்கு சக்தி. கூடவே வரும் ஹைட்ரஜன் மீத்தேனாகி ஏப்பத்தில் போகிறது. புவி சூடாவது ஒருபுறம் இருக்கட்டும். தீவனத்தின் சக்தியும் கொஞ்சம் அதோடு போகிறதே!

புண்ணாக்கின் கதிதான் இன்னும் மோசம். அதன் புரதத்தில் பெரும்பகுதி பெருவயிற்றிலேயே சிதைந்து அம்மோனியாவாகும். நுண்ணுயிரிகள் எடுத்தது போக மிஞ்சியது ஈரலில் யூரியாவாகி, பெரும்பாலும் மூத்திரத்தில் கழியும். டானின் இருந்தால் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பெருவயிற்றில் பி.எச். அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும்வரை அந்தப் பிடி விடாது. நான்காம் வயிற்றில் அது 3-ஐ ஒட்டி இறங்கியதும் பிடி தளரும். புரதம் சிறுகுடலில் செரித்து உடம்பில் சேரும்.

சீயக்காயில் நுரைக்கும் சபோனின் வேறு வேலை செய்கிறது. பாக்டீரியாவைத் தின்னும் புரோட்டோசோவாக்களை அது குலைக்கிறது. அவற்றோடு ஒட்டி வாழும் மீத்தேன் நுண்ணுயிரிகளும் குறையலாம். ஆனால் சில வாரங்களில் பாக்டீரியாக்கள் சபோனினைச் சிதைக்கப் பழகிவிட்டால் பலன் மங்கும். மூலிகைக் கலவை விற்க வருபவரிடம், எத்தனை நாள் கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

டானினும் அளவோடுதான். காய்ந்த தீவன எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக ஆடு தின்பது குறையும், நாரும் சரியாகச் செரிக்காது. செம்மறியைவிட வெள்ளாடு கூடுதலாகத் தாங்கும் என்றாலும், நெற்றை மட்டுமே கொட்டாமல் சோளத்தட்டை, புண்ணாக்கோடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். புதிதாகச் சேர்த்த வாரத்தில் தொட்டியில் மிச்சம் விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் குறையுங்கள். சவுண்டல் தழையில் கூடுதல் எச்சரிக்கை தேவை: அதில் டானினோடு மைமோசினும் உண்டு. பழக்கமில்லாத ஆட்டுக்கு அதையே தொடர்ந்து போட்டால் முடி கொட்டும். மற்றத் தழைகளோடு கலந்தே போடுங்கள்.