ஜெகில் நல்லவரா?

மனிதனுக்குள் நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன், இருவருக்கும் ஓயாத சண்டை என்று பேச்சு வரும்போதெல்லாம், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட ஜெகில்-ஹைட் கதையும் கூடவே வந்துவிடும். லண்டன் டாக்டர் ஜெகில் தானே தயாரித்த மருந்தைக் குடித்து ஹைட் என்ற கொடியவனாக மாறுகிறார். கடைசியில் அவனே அவரை விழுங்கிவிடுகிறான். அடுத்த ஆண்டே பாஸ்டன் மேடையில் ரிச்சர்ட் மேன்ஸ்ஃபீல்டும், 1931இல் திரையில் ஃப்ரெட்ரிக் மார்ச்சும் இரண்டு வேடத்தையும் கட்டினார்கள். நல்ல டாக்டர், கெட்ட ஹைட் என்பது அப்படியே மனத்தில் பதிந்துபோயிற்று. நாவலில் உள்ள கணக்கு வேறு. ஹைட் முழுக்கத் தீயவன், சரி. ஜெகில் முழுக்க நல்லவர் என்று எங்கேயும் இல்லை. மருந்துக்கு முன்னும் பின்னும் அவர் நல்லதும் கெட்டதும் கலந்த அதே மனிதர். தன் தீமையை விடாமலே, அதைத் தன் பெயரிலிருந்து மட்டும் கழற்றிவிட ஆசைப்பட்டார். அந்த ஆசையைத்தான் ஸ்டீவன்சன் விசாரிக்கிறார்.

கதையின் தொடக்கத்தில் ஹைட் தெருவில் ஒரு சிறுமியை மிதித்துவிட்டுப் போகிறான். மடக்கியவர்கள் 100 பவுண்டு கேட்கிறார்கள். 10 பவுண்டைத் தங்கக் காசாகவும் மீதியைக் காசோலையாகவும் தருகிறான். காசோலையில் டாக்டரின் கையெழுத்து. அவனுக்கு வங்கிக் கணக்குத் தொடங்கியதும், சோஹோவில் வீடு பார்த்ததும், தன் சொத்தை உயில் எழுதிவைத்ததும் அவரே. ஒரு கட்டத்தில் பயந்துபோய், ஹைட் வேண்டாம் என்று இரண்டு மாதம் கட்டுப்பாடாக இருக்கிறார். அப்போதும் சோஹோ வீட்டைக் காலி செய்யவில்லை. ஹைடின் உடைகள் அவருடைய அறையிலேயே தயாராகக் கிடக்கின்றன. திருந்திவிட்டதாக நம்பும் மனத்தை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய விவரம் நாவலில் வேறில்லை. பிறகு மருந்தை மறுபடி குடித்த இரவில்தான் ஹைட் சர் டான்வர்ஸ் கரூ என்பவரை அடித்தே கொல்கிறான்.

மனிதன் ஒருவனல்ல, இருவர் என்று ஜெகிலே எழுதுகிறாரே எனலாம். அது மாட்டிக்கொண்டவரின் வாக்குமூலம். ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஜெகிலே, ஒரு மனிதனுக்குள் ஒரு கூட்டமே குடியிருப்பதாகப் பின்னால் வருபவர்கள் கண்டறியலாம் என்றும் ஊகிக்கிறார். மருந்துதான் கெடுத்தது என்பது இன்னும் வலுவான வாதம். ஆனால் மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது, உயர்ந்த எண்ணத்தோடு குடித்திருந்தால் வேறொரு உருவம் வந்திருக்கும் என்று ஒப்புக்கொள்பவரும் அவர்தான். போகப்போக மருந்தில்லாமலே உருவம் மாறத் தொடங்குவது உண்மை. அங்கே அவர்மேல் இரக்கம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் கரூவின் கொலைக்குப் பிறகு அது எந்த நேரத்தில் மறுபடி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கொலைக்குப் பின் மாதக்கணக்கில் பிறர் துன்பம் தீர்க்கப் பாடுபடுகிறார். அதற்குள்ளேயே, ஹைடின் துணையின்றித் தன் சொந்த முகத்தோடு, பழைய ரகசிய இன்பங்களுக்கும் திரும்பியிருக்கிறார். ஜனவரி வெயிலில் ரீஜென்ட்ஸ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாத மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் புன்னகைக்கிறார். அந்த நொடியே குமட்டல், நடுக்கம், உடைகள் தொளதொளக்கின்றன, முழங்கால்மேல் இருக்கும் கை, நரம்பு புடைத்து மயிர் அடர்ந்த ஹைடின் கை. கெட்டதெல்லாம் அவனோடு போயிற்று, மிச்சமிருக்கும் நான் நல்லவன் என்று அவர் நிம்மதியடைந்த இடத்திலேயே ஸ்டீவன்சன் அவரைப் பிடித்துக்கொடுத்துவிடுகிறார்.