நூல் வாங்கும் நெறி

ஒரு நூல் வேண்டுமாயின் கடைக்குச் சென்று, அலமாரியிலிருந்து எடுத்து, நான்கு பக்கம் புரட்டிப் பார்த்து, விலை கேட்டு வாங்குவதே நெடுங்காலமாக நம் நாட்டில் வழக்கம். கல்கத்தாவின் காலேஜ் தெருவும், டில்லியின் தரியாகஞ்சும், சென்னையின் மூர் மார்க்கெட்டும் இவ்வழக்கத்தினாலேயே பெயர் பெற்றன. மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை 2019ஆம் ஆண்டில் நடைபாதையினின்று அகற்றப்பட்டு, ஆசப் அலி சாலையிலுள்ள மகிளா ஹாட் திடலுக்கு மாறிற்று. இந்நாளில் நூல் நாடுவோரில் பலர் கைப்பேசியிலேயே கடை தேடுகின்றனர். கடை நம் கைக்குள் வந்துவிட்டது. ஆனால் நூல் கைக்கு வருமுன்னரே பணம் போய்விடுகிறது. கண்ணாற் காணாத நூலை முகமறியாத வணிகரிடம் வாங்குவது எங்ஙனம்? இதுவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இணையக் கடைகள் யாவும் ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல. முதலாவது, பதிப்பகத்தார் தாமே நடத்தும் விற்பனைத் தளம். நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்திய அகாதெமி, மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு ஆகியவை தம் நூல்களை இவ்வாறு நேரே விற்கின்றன. இரண்டாவது, தெருவிற் கடை வைத்திருக்கும் புத்தக வணிகர் இணையத்திலும் விற்பது. மூன்றாவது, பெருஞ்சந்தை. 2007ஆம் ஆண்டில் பெங்களூரில் நூல் விற்பனையுடன் தொடங்கிய பிளிப்கார்ட்டும், 2013இல் இந்தியத் தளத்தைத் திறந்த அமேசானும் இவ்வகையின. நான்காவது, பழைய நூல்களுக்கென்றே அமைந்த தளங்கள். கனடாவில் 1996இல் தொடங்கி, 2008இல் அமேசானின் உடைமையான ஏப்புக்ஸ் இவற்றுள் புகழ் பெற்றது. ஐந்தாவது, தனி மனிதர் தம் வீட்டு நூலை மற்றொருவருக்கு விற்பது.

இவற்றுள் பெருஞ்சந்தையைப் பற்றி ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். சந்தைத் திடலுக்கு உரியவர் வேறு. அதில் கடை விரித்தவர் வேறு. ஒரே நூலைப் பத்து வணிகர் பத்து விலைக்கு அங்கே விற்கக்கூடும். ஆகவே, தளத்தின் பெயரைக் கண்டு நம்பிக்கை கொள்வது போதாது. விற்பவரின் பெயரைக் காணுதல் வேண்டும். புதிய நூலாயின், பதிப்பகத்தாரின் தளத்தை முதலிற் பார்ப்பதே முறை. அங்கே போலிப் பிரதிக்கு இடமில்லை.

அடுத்து, நாம் நாடும் பதிப்பு இதுதானா என்பது. தலைப்பு ஒன்றாயிருப்பினும் பதிப்புகள் வேறுபடும். பாடநூலாயின் இவ்வேறுபாடு தேர்வையே பாதிக்கும். இங்கு நமக்குத் துணை நிற்பது ஐ.எஸ்.பி.என். என்று வழங்கும் சர்வதேச நூல் எண். 2007ஆம் ஆண்டு ஜனவரி முதல் இது 13 இலக்கங்கள் கொண்டது. அதற்கு முன் 10 இலக்கங்கள். கெட்டி அட்டைப் பதிப்பிற்கு ஓர் எண். மெல்லட்டைப் பதிப்பிற்கு வேறோர் எண். திருத்திய பதிப்பிற்குப் பிறிதோர் எண். தலைப்பைக் கொண்டு தேடுவதினும் இவ்வெண்ணைக் கொண்டு தேடுவது பிழையற்றது. 1970ஆம் ஆண்டிற்கு முற்பட்ட நூல்களில் இவ்வெண் இராது. அவற்றிற்குப் பதிப்பகத்தின் பெயரும் பதிப்பாண்டும் கேட்டறிதல் வேண்டும்.

பழைய நூல் வாங்குவோர் வணிகரின் பரிபாஷையையும் அறிதல் நலம். ‘லைக் நியூ’ என்றால் வாசித்த அடையாளமே இல்லாதது. ‘வெரி குட்’ என்றால் சிறிது பழகியது. ‘குட்’ என்ற சொல்லைக் கண்டு நல்ல பிரதி என்று மகிழ்பவர் ஏமாறுவர். அடிக்கோடும் பெயரெழுத்தும் மடிந்த மூலையும் உள்ள சாதாரணப் பிரதி என்பதே அதன் பொருள். ‘அக்செப்டபிள்’ என்பது வாசிக்கப் போதுமானது என்ற அளவினதே. வாங்கிய நூலை மறுபடி விற்பதில் சட்டத் தடை ஏதுமில்லை. ஆகவே பழைய நூல் வாங்குவதில் நாணுவதற்கு எதுவுமில்லை.

நாணத்தக்கது திருட்டுப் பதிப்பே. மெல்லிய தாளும், கலங்கிய எழுத்தும், சாய்ந்த ஓரமும், நம்பவியலாத மலிவும் அதன் அடையாளங்கள். போட்டித் தேர்வு எழுதும் மாணவர்களின் நூல்களே பெரிதும் இவ்வாறு அச்சாகின்றன. சிற்றூர் மாணவர் ஒருவர் சேர்த்து வைத்த பணத்தில் இத்தகைய நூலை வாங்கி, நடுவே பதினாறு பக்கம் இல்லாமையைத் தேர்வுக்கு முதல் வாரத்திற் கண்டால், அவர் இழந்தது நூறு ரூபாய் மட்டுமா? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இக்குற்றத்திற்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கின்றது. எனினும், வாங்குவோர் விழிப்பே முதற் காவல்.

வேறொரு வகையும் உண்டு. நம் நாட்டில் ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூலின் உரிமை, அவர் காலமான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் நிலைக்கும். அதன் பின்னர் யாரும் அச்சிடலாம். இதனைப் பயன்படுத்தி, பழைய நூலின் ஒளிநகலை அப்படியே அச்சிட்டு உயர்ந்த விலைக்கு விற்போர் உளர். இது குற்றமன்று. ஆயினும், மூலப் பிரதியிற் கிழிந்த பக்கம் இதிலும் கிழிந்தே இருக்கும். அந்நூல் இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கிறதா என்று முன்னதாகப் பார்த்தல் அறிவுடைமை.

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு அகராதியின்றிப் பணி நடவாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் பழைய பிரதியொன்றை இணையத்திற் கண்டோம். படத்தில் ஆறு தொகுதிகளும் வரிசையாய் நின்றன. விலையோ மிகக் குறைவு. உடனே பணம் செலுத்தினோம். பத்து நாள் கழித்து வந்தது மூன்றாம் தொகுதி மட்டுமே. வணிகரைக் கேட்டபொழுது, படத்தின் கீழே சிறிய எழுத்தில் ‘ஒரு தொகுதி’ என்றிருந்ததைக் காட்டினார். படத்தை நோக்கிய கண் எழுத்தை நோக்கவில்லை. சொற்களை ஆராய்வதே தொழிலாகக் கொண்ட நாமே இவ்வாறு இடறினோம். அந்த அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் கட்டணமின்றித் தேடலாம் என்பதைப் பின்னரே அறிந்தோம். மூன்றாம் தொகுதி இன்றும் நம் மேசைமேல் இருக்கிறது. ஏதேனும் வாங்க முற்படும்பொழுதெல்லாம் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.

விலையை ஒப்பிடுங்கால் தபாற் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 150 ரூபாய்ப் பழைய பிரதிக்கு அனுப்பு கூலி 80 ரூபாயாயின், 240 ரூபாய்க்குக் கூலியின்றி வரும் புதிய பிரதி பத்து ரூபாயே அதிகம். அச்சிட்ட நூலுக்குச் சரக்கு சேவை வரி இல்லை. நூல்களுக்கு நெடுநாள் அஞ்சல் சலுகை அளித்துவந்த புக் போஸ்ட் முறை 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நின்றது. கல்வி சார்ந்த நூல்களுக்கென 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஞான் போஸ்ட்’ என்னும் புதிய முறை தொடங்கிற்று.

குறை நேர்ந்தால் என் செய்வது? 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் நமக்கு அரணாக உள்ளன. பழுதுற்ற, போலியான, அல்லது அறிவித்த இயல்பினின்று மாறுபட்ட பொருளைத் திரும்பப் பெற வணிகர் மறுத்தலாகாது. முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் வணிக நோக்கின்றித் தம் சொந்த நூலை விற்கும் தனி மனிதருக்கு இவ்விதிகள் பொருந்தா. ஆகையால் அத்தகையோரிடம் வாங்குகையில், பதிப்பாண்டுப் பக்கத்தின் படத்தைக் கேட்டுப் பெற்ற பின்னரே பணம் அனுப்புதல் தக்கது. எங்கு வாங்கினும் பொதி வந்த அன்றே பிரித்து, பக்கங்களைச் சரிபார்க்க வேண்டும்; திருப்பி அனுப்பும் கெடு சில நாட்களில் முடிந்துவிடும்.

முடிவாக ஒன்று. புதிய நூலுக்குப் பதிப்பகம், அரிய நூலுக்குப் பழைய நூல் வணிகர், அவசரத்திற்குப் பெருஞ்சந்தை என்று கொள்வது பொதுவாகப் பொருந்தும். ஆயினும் நம் தெருவிலேயே ஒரு புத்தகக் கடை இருக்குமாயின், முதலில் அங்கே கேட்டுப் பார்ப்போம். இல்லாத நூலை வருவித்துத் தருபவர்கள் அவர்கள். கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க இடந்தரும் கடை ஒன்றேனும் நம் ஊரில் நிலைத்திருப்பது, நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நன்மையாகும்.